ஓடத் தொடங்கியதும் கைவிடுகிற பற்றரி பாக்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

"அண்ணை, மல்ரிமீற்றரில 28 வோல்ற்று காட்டுது, ஆனா சில்லு சுத்தத் தொடங்கினவுடன எல்லாம் நிண்டு போகுது. செல் பழுதோ?"

கனமான ரோபோவுக்குத் தாங்களே பற்றரி பாக் கட்டுகிற பெடியன்கள் வந்து கேட்கிற கேள்வி அநேகமாக இப்படித்தான் இருக்கும். அந்த 28 வோல்ற்று, எதையும் ஓட்டாமல் சும்மா கிடக்கிற பாக்கின் கணக்கு. 2 அம்பியர் கூட ஒழுங்காகத் தர முடியாத பாக்கும் சும்மா கிடக்கும்போது 28 காட்டும். ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன்: லோட் போட்டு, ஒவ்வொரு குழுவாக அளந்தீர்களா? அளக்காமல் செல்லைக் குறை சொல்லிப் பாக்கைப் பிரித்தால் நல்லாய் இருந்த வெல்டும் பிய்ந்துவிடும், உண்மையான பிழை எங்கே இருந்தது என்பதும் அதோடு போய்விடும்.

கணக்குக்கு ஒரு பாக்கை எடுத்துக்கொள்வோம். 18650 என்கிற உருளை லித்தியம் செல், 7 தொடர், 6 சமாந்தரம், மொத்தம் 42 செல். சமாந்தரமாக நிற்கிற ஆறு செல்லைத்தான் ஒரு குழு என்கிறேன், அப்படி ஏழு குழு தொடராக நிற்கும். ஒரு செல் 2.5 அம்பியர்மணி என்றால் பாக் 15 அம்பியர்மணி. முழுச் சார்ஜில் 29.4 வோல்ற்று, பெயரளவில் 25.2. ஐம்பது அறுபது கிலோ ரோபோ, 24 வோல்ற்று 250 வாற்று மோட்டர் இரண்டு. சமதரையில் இரண்டும் சேர்ந்து 25 அம்பியருக்குள் ஓடும், சில்லு கல்லில் தடக்கி நின்றால் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். உங்களுடையது லித்தியம் இரும்பு பொஸ்பேற்று செல் என்றால் பெயரளவு 3.2, முழுச் சார்ஜ் 3.65 என்று எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

தொடங்க முன்

மோதிரம், கைச்சங்கிலி, மணிக்கூடு எல்லாம் கழற்றி வையுங்கள். செல் ஒன்றின் அகத்தடை 50 மில்லிஓம் என்று வைத்தால் மேலே சொன்ன பாக்கின் மொத்த அகத்தடை 58 மில்லிஓம் தான், அதாவது இரண்டு முனையிலும் ஒரு குறடு விழுந்தால் ஐந்நூறு அம்பியர் பாயும். நல்ல புதுச் செல் என்றால் ஆயிரத்தையும் தாண்டும். பிரதான பொசிற்றிவ் வயரில், பாக்கில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள், பியூஸ் இல்லாத பாக்கோடு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். கார் பியூஸ் போடுபவர்கள் அதன் தலையில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள்: 32 வோல்ற்று. 29.4 வோல்ற்றுப் பாக்குக்கு அது பொருந்தும், ஆனால் 10 தொடர் கட்டி 42 வோல்ற்று வந்தால் பொருந்தாது. பியூஸ் உருகினாலும் உள்ளே நெருப்புப் பொறி தொடர்ந்து நிற்கலாம். அதற்கு 58 வோல்ற்று எழுதிய போல்ற் பூட்டுகிற பியூஸ் வாங்குங்கள்.

கிளாம்ப் மீற்றர் வைத்திருப்பவர்கள் அது நேரோட்டத்தை அளக்குமா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். மலிவானவை பல ஆடலோட்டத்தை மட்டும்தான் அளக்கும், பற்றரி வயரில் மாட்டினால் பூச்சியம் காட்டிக்கொண்டு நிற்கும்.

லோட்டுக்கு ரோபோவை முட்டுக்கொடுத்துத் தூக்கிச் சில்லைச் சும்மா சுற்றவிட்டால் போதாது, அது இரண்டு மூன்று அம்பியர்தான் இழுக்கும். லொறி ஹெட்லைற் பல்ப் மூன்று வாங்குங்கள், 24 வோல்ற்று, 75/70 வாற்று. இரண்டு இழையையும் சேர்த்துக் கொளுத்தினால் ஒரு பல்ப் 6 அம்பியர் அளவில் இழுக்கும், மூன்றும் சேர 18. நல்லாய்ச் சுடும், ஆகவே தகரத்தின் மேலோ செங்கல்லின் மேலோ வையுங்கள். விலை குறைந்த, எங்கேயும் கிடைக்கிற, ஆடாமல் ஒரே அளவில் நிற்கிற லோட் இது.

மணம், வீக்கம், சீறல்

இது வந்தால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம். நெயில் பொலிஷ் மாதிரி இனிப்பான ஒரு மணம், செல் உறை ஈரமாய் இருப்பது, ஒரு செல் மட்டும் காரணமில்லாமல் சூடாகிக்கொண்டே போவது, சீறுகிற சத்தம், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பாக்கை உடனே வீட்டுக்கு வெளியே, வளவின் வெறும் நிலத்தில், மதிலுக்கும் வேலிக்கும் தள்ளி வையுங்கள். புகை வரத் தொடங்கிவிட்டால் கையால் தூக்கப் போகவே வேண்டாம். அந்தப் புகை நச்சுப் புகை, காற்று அதைக் கொண்டுபோகிற பக்கத்தில் நிற்காதீர்கள். கிடுகு வேலி, பனையோலைக் கொட்டில் பக்கத்தில் என்றால் அயலவரையும் எழுப்புங்கள். பற்றிக்கொண்டால் தூரத்தில் நின்று நிறையத் தண்ணீர் அடிப்பதுதான் வழி. தண்ணீர் செல்லைக் குளிர்த்தி, பக்கத்துச் செல்லுக்குப் பரவாமல் தடுக்கும். மணல் சுவாலையை மூடும், ஆனால் உள்ளே இருக்கிற சூட்டை எடுக்காது. அணைந்த மாதிரித் தெரிந்து சில மணித்தியாலம் கழித்து மறுபடி எரிகிறதும் உண்டு, ஆகவே அன்றிரவு அதை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது.

அப்படி ஒதுக்கின செல்லை வளவு மூலையில் குப்பையோடு போட்டுக் கொளுத்தாதீர்கள். நம்முடைய ஊரில் அது கை தன்பாட்டில் செய்கிற வேலை, அதனால்தான் சொல்கிறேன். முனைகளை ரேப்பால் மூடி, உலர்ந்த தகரப் பேணியில் மணலோடு வைத்து, இலத்திரனியல் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

சில்லு சுற்றத் தொடங்கியதும் முழுவதும் செத்துப்போகிறது

மோட்டர், கம்பியூட்டர், லைற் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்து, பிளக்கைக் கழற்றி மாட்டினாலோ சார்ஜரில் போட்டாலோ திரும்பி வருகிறது என்றால் வெட்டியது பிஎம்எஸ், அதாவது பாக்கில் செல்களைக் காவல் காக்கிற பலகை. உறுதிப்படுத்துவது சுலபம். செத்த நிலையிலேயே, எதையும் கழற்றாமல், செல் பக்கத்து மைனஸுக்கும் மொத்தப் பொசிற்றிவுக்கும் இடையில் அளவுங்கள், பிறகு வெளியே போகிற மைனஸுக்கும் அதே பொசிற்றிவுக்கும் இடையில் அளவுங்கள். முதலாவது 28, இரண்டாவது பூச்சியம் அல்லது ஏதோ அரைகுறை எண் என்றால் செல் உயிரோடு இருக்கிறது, கதவு மூடியிருக்கிறது.

ஏன் மூடியது என்பதுதான் கேள்வி. மூன்று காரணம் இருக்கலாம், மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

சுவிற்சைப் போட்ட அந்தக் கணமே, சில்லு அசைய முன்னமே வெட்டுகிறதா? மோட்டரைக் கட்டுப்படுத்துகிற பலகையான மோட்டர் டிரைவரில் இருக்கிற பெரிய கப்பாசிற்றர்கள் காலியாக இருக்கும்போது பாக்குக்கு அவை ஷோர்ட் மாதிரித்தான் தெரியும். பிளக் மாட்டும்போது "டப்" என்று பொறி பறந்து பிளக்கின் உள்முனை கருகுவதும் இதனால்தான். 100 ஓம், 5 வாற்று வயர் சுற்றிய தடையி ஒன்றை ஒரு சின்னப் பட்டனோடு பிரதான சுவிற்சுக்குக் குறுக்கே போடுங்கள். பட்டனை ஒரு செக்கன் அமத்திப் பிடித்து, பிறகு பிரதான சுவிற்ச். 2000 மைக்ரோபரட் கப்பாசிற்றர் என்றால் அந்த ஒரு செக்கனுக்குள் நிரம்பிவிடும். எக்ஸ்ரி90 பிளக்கில் உள்ளேயே தடையி வைத்து, பச்சை நிறத்தில் ஒரு வகை வருகிறது, சுவிற்ச் இல்லாதவர்களுக்கு அதுவும் நல்லது.

முழுச் சார்ஜிலும் வெட்டுகிறது, ஆனால் சில்லு தடக்கும்போது அல்லது நின்ற இடத்தில் சட்டென்று திருப்பும்போது மட்டும் என்றால் மின்னோட்டம் எல்லை தாண்டுகிறது. பெரிய பிஎம்எஸ் வாங்க ஓட முன் மோட்டர் டிரைவரில் மின்னோட்ட எல்லை இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு புரோகிராமில் வேகத்தை ஒரேயடியாகக் கொடுக்காமல் அரைச் செக்கனில் ஏறுகிற மாதிரி மாற்றுங்கள். இது காசில்லாத திருத்தம், செல்லுக்கும் கியருக்கும் ஆயுள் கூடும். அதன் பிறகும் வெட்டினால் பிஎம்எஸ் சிறிது. பலகையில் 100 அம்பியர் என்று அச்சடித்திருக்கிற மலிவு வகையை நான் 50 என்றுதான் எடுப்பேன், வெப்பத்தகடு இல்லாமல் பெட்டிக்குள் அடைத்து வைத்தால் அதற்கும் குறைவாக.

மூன்றாவது, பாதிச் சார்ஜுக்குப் பிறகுதான் வெட்டத் தொடங்குகிறது, சார்ஜ் இறங்க இறங்கக் கூடுகிறது. இது ஒரு பலவீனமான குழு லோட்டில் விழுந்து 2.8 அளவைத் தொடுகிற கதை. மொத்த வோல்ற்றளவு 24 இருந்தாலும் ஒரு குழு எல்லையைத் தொட்டால் பிஎம்எஸ் முழுப் பாக்கையும் வெட்டும். அடுத்த பகுதியை வாசியுங்கள்.

வேண்டிய அளவு ஓடவில்லை, பாதியிலேயே முடிகிறது

இதில்தான் செல்லைக் குறை சொல்லி எறிகிறவர்கள் அதிகம். நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

பாக்கை முழுதாகச் சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றி ஒரு மணித்தியாலம் விட்டு, ஒவ்வொரு குழுவில் இருந்தும் பிஎம்எஸ்ஸுக்கு மெல்லிய வயர் போகிற பலன்ஸ் பிளக்கில் ஏழு குழுவையும் ஒவ்வொன்றாக அளந்து தாளில் எழுதுங்கள். இரண்டாவது தசம தானம் வரைக்கும் வேண்டும். பிறகு லொறி பல்ப் மூன்றையும் கொளுத்தி, எரிந்துகொண்டிருக்கும்போதே மறுபடி ஏழையும் எழுதுங்கள். பிஎம்எஸ் வெட்டும் வரை எரியவிட்டு, வெட்டின உடனே கடைசி முறை எழுதுங்கள். இப்போது உங்களிடம் மூன்று நிரல் இருக்கிறது, வருத்தம் அதற்குள்தான் இருக்கிறது.

கடைசி நிரலில் மிகக் கீழே இருக்கிற குழுவைப் பிடியுங்கள். 4ஆம் குழு 2.8, மற்றவை 3.5 என்று வைப்போம். அதே 4ஆம் குழு முதல் நிரலிலும், அதாவது முழுச் சார்ஜிலும், மற்றவற்றை விடக் குறைவாக இருந்ததா? மற்றது எல்லாம் 4.18, இது 4.02 என்கிற மாதிரி? அப்படியானால் செல்லில் பிழை இல்லை, அந்தக் குழு பின்தங்கிப்போய் நிற்கிறது, சமப்படுத்தினால் சரி. மாறாக முழுச் சார்ஜில் அதுதான் முதலில் 4.2 தொட்டு, இறங்கும்போதும் அதுதான் முதலில் 2.8 தொடுகிறது என்றால் அந்தக் குழுவின் கொள்ளளவே குறைந்துவிட்டது. எவ்வளவு சமப்படுத்தினாலும் அது திரும்பி வராது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்தால் தேவையில்லாமல் செல் வாங்குவது பாதி குறையும்.

கொள்ளளவு குறைந்த குழுவைக் கண்டால் உடனே ஆறு செல்லையும் எறிய வேண்டாம். நடு நிரலைப் பாருங்கள். 50 மில்லிஓம் செல் ஆறு சமாந்தரமாக நின்றால் குழுவின் தடை 8 மில்லிஓம் சொச்சம், 18 அம்பியரில் அது 0.15 வோல்ற்று விழ வேண்டும். ஒரு செல்லின் வெல்ட் விட்டுப்போய் ஐந்து செல்தான் வேலை செய்கிறது என்றால் 0.18 விழும். அதிர்வில் நிக்கல் பட்டை பிய்ந்து, பார்வைக்கு ஒட்டினபடி இருக்கிறது கனமான ரோபோவில் சாதாரணம். பட்டையின் ஓரத்தை ஒரு பிளாஸ்ரிக் குச்சியால் மெல்லத் தூக்கிப் பாருங்கள், நல்ல வெல்ட் அசையாது.

இன்னொரு சோதனை. லோட் எரியும்போது பலன்ஸ் பிளக்கில் ஒரு குழு 0.4 விழுகிறது. அதே நேரம் மல்ரிமீற்றர் முனைகளை அந்தக் குழுவின் செல் தலையிலும் செல் அடியிலும் நேரடியாக வைத்தால் 0.15 தான் விழுகிறது. மிச்சம் 0.25 எங்கே போனது? பட்டையில், வெல்டில், சோல்டரில். செல் நல்ல செல். இப்படிக் கண்டுபிடித்த பாக்குகள் பட்டையை மாற்றின பிறகு புதுசு மாதிரி ஓடியிருக்கின்றன.

சமப்படுத்துவது பற்றி: பிஎம்எஸ் தானாகச் செய்யும் என்று விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. மலிவுப் பலகை ஒரு குழுவில் 60 மில்லிஅம்பியர் அளவில்தான் எரிக்கும். 15 அம்பியர்மணிப் பாக்கில் ஒரு குழு 10 சதவீதம் பின்தங்கினால் அது 1.5 அம்பியர்மணி, மற்ற ஆறு குழுவிலும் அவ்வளவை எரித்து முடிக்க 25 மணித்தியாலம் வேண்டும், அதுவும் மேல் எல்லைக்குக் கிட்ட நிற்கும்போது மட்டும். சார்ஜரை இரண்டு மணித்தியாலத்தில் கழற்றினால் ஒருபோதும் நடக்காது. மேசை மின்வழங்கி இருந்தால் 4.20 வோல்ற்று, 1 அம்பியர் என்று முதலில் செற் பண்ணி, மல்ரிமீற்றரில் சரிபார்த்து, அந்தப் பின்தங்கின குழுவுக்கு மட்டும் நேரடியாகக் கொடுங்கள். பக்கத்தில் இருங்கள், கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போக வேண்டாம். இரும்பு பொஸ்பேற்றுக்காரருக்கு ஒரு எச்சரிக்கை: அந்தச் செல் பெரும்பாலான நேரம் 3.2, 3.3 என்று தட்டையாகவே நிற்கும், நடுச் சார்ஜில் எல்லாம் ஒரே எண் காட்டினால் சமமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 3.4க்கு மேலே போனால்தான் வித்தியாசம் வெளியே வரும்.

பழைய லப்டொப் செல்லில் கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. லித்தியம் செல்லை விமானத்தில் அனுப்புவதற்குக் கட்டுப்பாடு இருப்பதால் வெளிநாட்டில் இருந்து எடுப்பது கரைச்சல், கொழும்பு புறக்கோட்டையில் வாங்கி இரவு பஸ்ஸில் கொண்டுவருவது செலவு, ஆகவே லப்டொப் பற்றரியை உடைத்து எடுக்கிறீர்கள், விளங்குகிறது. ஆனால் அந்தச் செல் தொடர்ந்து 4, 5 அம்பியர் தரத்தான் செய்யப்பட்டது. ஆறு சமாந்தரம் என்றால் 30 அம்பியர், அதுவும் புதிதாய் இருந்தபோது. மோட்டர் தடக்கும்போது 60 இழுத்தால் 50 மில்லிஓம் செல்லில் 3.5 வோல்ற்று ஒரேயடியாக விழும். 20 மில்லிஓம் உள்ள, கருவிகளுக்கென்று செய்த செல் என்றால் 1.4 தான் விழும். கனமான ரோபோவுக்கு லப்டொப் செல் வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு சமாந்தரம் போட வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம்.

மோட்டர் ஓடுகிறது, ஆனால் ராஸ்பெரி பை திரும்பத் திரும்பத் தொடங்குகிறது

பாக்கைப் பிரிக்காதீர்கள், இது ராஸ்பெரி பை என்கிற சின்னக் கம்பியூட்டர் ஓடுகிற 5 வோல்ற்றுப் பக்கத்துப் பிரச்சினை. ராஸ்பெரி பை 4இல் 4.63 வோல்ற்றுக்குக் கீழே போனால் திரையில் மின்னல் அடையாளம் வரும். பாக்கின் வோல்ற்றளவை 5க்கு இறக்குகிற பக் கொன்வேர்ட்டரின் வாயில் 5.1 இருக்கிறது என்று திருப்திப்படாமல், ராஸ்பெரி பைக்குள் மின் நுழைகிற முனையிலேயே அளவுங்கள். மெல்லிய 24 கேஜ் வயர் மீற்றருக்கு 0.084 ஓம், போக வர இரண்டு மீற்றர், 3 அம்பியர் என்றால் அரை வோல்ற்று வயரிலேயே போய்விடும். 5.1இல் அரை போனால் 4.6. வேறு விளக்கம் தேவையில்லை. வயரைத் தடிப்பாக்கி நீளத்தைக் குறையுங்கள். கொன்வேர்ட்டருக்குப் போகிற வயரை மோட்டர் டிரைவரின் முனையில் இருந்து கொக்கி போட்டு எடுக்காமல், பாக்கின் வாயில் இருந்து தனியாக, தனிப் பியூஸோடு கொண்டுபோங்கள்.

ஒரு இடம் மட்டும் சுடுகிறது

பல்ப் லோட்டில் பத்து நிமிடம் விட்டு, பல்ப்பை அணைத்துப் பாக்கைத் தடவிப் பாருங்கள். முழுவதும் ஒரே மாதிரி இளஞ்சூடு என்றால் செல்லின் அகத்தடைச் சூடு, சரி. ஒரு மூலை மட்டும், அல்லது பிளக் மட்டும் சுடுகிறது என்றால் அங்கே தடை இருக்கிறது.

மூலை சுடுவதற்கு வழமையான காரணம், பிரதான வயரை ஒரு மூலைச் செல்லில் மட்டும் சோல்டர் பண்ணியிருப்பது. நடுக் குழுக்களில் ஆறு பட்டை ஆறு செல்லின் மின்னோட்டத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கொண்டுபோகும், 60 அம்பியரில் பட்டைக்கு 10 தான். கடைசிக் குழுவில் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு மூலைப் பட்டை வழியாக வெளியே வர வேண்டியிருக்கிறது. 0.15 மில்லிமீற்றர் தடிப்பு, 8 அகலம் உள்ள நிக்கல் பட்டை 60 அம்பியர் தாங்காது. கடைசிக் குழு முழுவதுக்கும் குறுக்கே ஒரு தடித்த செப்புப் பட்டையோ பின்னிய செப்பு வயரோ ஓடவிட்டு, அதில் ஆறு செல்லின் பட்டையையும் பிடித்து, வயரை அதன் நடுவில் எடுங்கள்.

பல பட்டை சுடுகிறது என்றால் அது நிக்கல்தானா என்று பாருங்கள். நிக்கல் பூசிய இரும்பை நிக்கல் என்று விற்கிறார்கள், தடை ஏறத்தாழ இரட்டிப்பு. காந்தம் வைத்துப் பார்ப்பது பிரயோசனமில்லை, நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். கிரைண்டரில் பிடித்தால் இரும்பு நீளமாகப் பொறி பறக்கும், நிக்கல் பறக்காது. கிரைண்டர் இல்லையா, பட்டைத் துண்டு ஒன்றை அரத்தால் நன்றாகக் கீறி, ஒரு போத்தல் மூடியில் பண்ணைக் கடல் தண்ணி விட்டு ஊறப்போடுங்கள். கீறின இடத்தில் மண்ணிறக் கறை வந்தால் இரும்பு. நம்முடைய உப்புக் காற்றுக்கு இரும்புப் பட்டை பாக்கின் உள்ளேயே கறள் பிடிக்கும், மாரி ஒன்று கழிந்தால் வெல்டைச் சுற்றி வளையம் தெரியும். அதனால் இங்கே அது விலை குறைவென்று வாங்குகிற சாமான் இல்லை.

பிளக் சுடுகிறது என்றால் வயர் நுழைகிற இடத்தைப் பாருங்கள். சோல்டர் வயருக்குள் ஏறி விறைத்து, அந்த விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வில் இழை இழையாக முறிந்திருக்கும். தடித்த வயருக்கு லக், அதாவது நுனியில் மாட்டுகிற உலோகக் காது, போட்டு நெரிப்பதே நல்லது. சோலர் பூட்டுகிற ஆட்களிடம் ஹைட்ரோலிக் நெரிகருவி இருக்கும், ஐந்து நிமிட வேலை. வயருக்கு வெல்டிங் கேபிள் 16 சதுர மில்லிமீற்றர் எடுங்கள், ஹாட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள், நன்றாக வளையும். சோலர் வயர் மின்னோட்டத்தைத் தாங்கினாலும் விறைப்பு, ஆடுகிற இடத்துக்குச் சரிவராது.

நிற்பாட்டும்போது அல்லது சரிவில் இறங்கும்போது அணைகிறது

யாழ்ப்பாணம் தட்டை நிலம், ஆகவே இந்தப் பிழை வீட்டில் வெளிப்படாது. விறாந்தைச் சரிவிலோ பலகைச் சரிவிலோ இறக்கும்போது, அதுவும் முழுச் சார்ஜோடு, சட்டென்று அணையும். சரிவில் மோட்டர் ஜெனரேற்றராகி மின்னோட்டத்தைப் பாக்குக்குள் திருப்பி அனுப்புகிறது, பாக் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, பிஎம்எஸ் சார்ஜ் பாதையை மூடுகிறது. போக இடமில்லாத அந்தச் சக்தி வோல்ற்றளவை மேலே தள்ளும், டிரைவர் எரிந்துபோவது அந்தக் கணத்தில்தான். முழுதாக 29.4க்கு ஏற்றாமல் 28.7இல், அதாவது குழுவுக்கு 4.1இல், நிற்பாட்டுங்கள். நிற்பாட்டும் வேகத்தையும் புரோகிராமில் மெதுவாக்குங்கள். சார்ஜுக்கும் ஓட்டத்துக்கும் தனித்தனி வாய் உள்ள பிஎம்எஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஓட்ட வாய் வழியாகத் திரும்பி வருகிற மின்னோட்டத்தை அது தடுக்காது, செல் மேலெல்லையைத் தாண்டினாலும் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

சார்ஜர் நேரத்தோடு பச்சை காட்டுகிறது, அல்லது ஏறவே இல்லை

முதலில் சார்ஜரின் ஸ்ரிக்கரை வாசியுங்கள். 25.2 எழுதியிருந்தால் அது 6 தொடருக்கு உரியது. 25.2 என்பது 7 தொடரின் பெயரளவும் கூட என்பதால் கடையில் மாறிக் கொடுத்துவிடுகிறார்கள். 7 தொடருக்கு 29.4 வேண்டும். தலைகீழாக, 29.4 சார்ஜரை 6 தொடர்ப் பாக்கில் மாட்டினால் பிஎம்எஸ் ஒன்றை மட்டும் நம்பி நெருப்போடு விளையாடுகிறீர்கள். வீட்டு இன்வேர்ட்டருக்கு இருக்கிற ஈயப் பற்றரிச் சார்ஜரும் வேண்டாம், சமப்படுத்தல் நேரத்தில் அது வோல்ற்றளவை உயர்த்தும்.

சார்ஜர் சரி, ஆனால் 28இல் பச்சை என்றால் ஏதோ ஒரு குழு தனியாக 4.25 தொட்டுப் பிஎம்எஸ் வெட்டுகிறது, மேலே சொன்ன நிரல் வேலைக்குப் போங்கள். ஏறவே இல்லை என்றால் பலன்ஸ் பிளக்கில் ஒரு வயர் கழன்றிருக்கலாம், அந்தக் குழுவைப் பிஎம்எஸ் பூச்சியம் என்று படிக்கும். சித்திரை வைகாசி மத்தியானத்தில் தகரக் கொட்டிலுக்குள் ஓட்டிவிட்டு உடனே சார்ஜ் போட்டாலும் ஏறாது. 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாத செல் இது, வெப்ப உணரி உள்ள பிஎம்எஸ் அதற்காகவே மறுக்கிறது. நிழலில் ஆறவிடுங்கள். உணரியைக் கழற்றி ஏமாற்றாதீர்கள்.

சும்மா வைத்தாலே இறங்கிப்போகிறது

கொன்வேர்ட்டர், காட்சித்திரை, எப்போதும் விழித்திருக்கிற ஒரு சின்னப் பலகை, எல்லாம் சேர்ந்து 20 மில்லிஅம்பியர் என்றால் ஒன்றுமில்லாத மாதிரித்தான் இருக்கும். மாதத்தில் அது 14 அம்பியர்மணிக்கு மேல், அதாவது உங்கள் பாக் முழுவதும். பரீட்சை நடக்கிறது, ரோபோ மூலையில் கிடக்கிறது, திரும்பி வந்து பார்த்தால் குழு 1.5 வோல்ற்றில் நிற்கும். 2 வோல்ற்றுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்த லித்தியம் செல்லை மெதுவாகச் சார்ஜ் செய்து எழுப்பலாம் என்று சொல்லுவார்கள், கேட்காதீர்கள். உள்ளே செப்பு கரைந்து, சார்ஜ் செய்யும்போது திரும்பப் படிந்து, ஷோர்ட்டாகிற செல் அது.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் பாக்கை இரண்டு கிழமை வைத்த பிறகும் ஒரு குழு மட்டும் இறங்குகிறது என்றால் அதில் ஒரு செல் தனக்குள்ளேயே கசிகிறது. ஆறையும் வெட்டிப் பிரித்து, எல்லாவற்றையும் 4.1இல் நிறுத்தி, செல்லில் திகதியும் வோல்ற்றும் எழுதி, மறுபடி இரண்டு கிழமை விடுங்கள். இறங்கினது எதுவென்று தெரியும். அதை மட்டும் ஒதுக்கி, அகத்தடையும் கொள்ளளவும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒன்றைப் போடுங்கள். புதுச் செல்லைப் பழைய குழுவுக்குள் நுழைக்கும்போது மற்ற ஐந்தின் வோல்ற்றளவுக்கு அதை முதலில் கொண்டுவந்த பிறகே வெல்ட் பண்ணுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுகிற கணத்திலேயே அவற்றுக்கிடையில் பெரிய மின்னோட்டம் பாயும்.